தஞ்சைச் சரபோஜி மன்னர்

குடகு மலையிலே பிறந்து மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வரும் காவிரி, கல்லணையைக் கடந்ததும் பல கிளைகளாகப் பிரியத் தொடங்குகின்றது. வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரிசிலாறு எனப் பெயர்கள் பல. அவற்றினின்றும் பிரியும் வாய்க்கால்களுக்கோ கணக்கில்லை. அந்நீர் பாயுமிடமெல்லாம் நெல் விளைகின்றது. ஆனால் நெல் மிகுதியாக விளையும் நாட்டை உழவர் மட்டும் விரும்புவதில்லை. படை நடத்துவோரும் விரும்புவர். பசித்த சேனைக்குச் சோறிட வல்ல நாடு, போர்க்காலத்தில் பகைவர் கண்ணுக்கு முதலில் தென்படும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை வளநாடு பட்ட பாடு அத்தகையதே. அந்நாளில் அதனை ஆண்டோர் மராத்திய போன்சலே மரபினர். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மராத்திய வீரர் சிவாஜிக்கு மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பியாகிய ஏகோஜி இங்கு நிறுவிய அரசு அது. ஆர்க்காட்டு நவாபு, ஆங்கிலக் கும்பினியாரின் படைத்துணை கொண்டு 1771ஆம் ஆண்டிலும் 1773ஆம் ஆண்டிலும் தஞ்சைமேல் படையெடுத்தார். இரண்டாம் முறை கோட்டை வீழ்ந்தது. துளஜா மன்னர் சிறைப்பட்டார். 1776ஆம் ஆண்டு கும்பினியாரே அவருக்கு அரசை மீட்டளித்தனர். அம்மீட்சிக்கும் ஒரு விலை இருந்தது. கும்பினிப் படை தஞ்சையிலே தங்கிற்று. அதற்காகும் செலவு மன்னர் தலையில் விழுந்தது.

இவ்வளவும் நிகழ்ந்து ஐந்து ஆண்டுகள் செல்லுமுன், 1781ஆம் ஆண்டில், மைசூர் ஐதர் அலியின் படை காவிரி நாட்டினுள் புகுந்தது. ஊர்கள் எரிந்தன. ஆடுமாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. சிறுவர் பலர் சிறைபிடிக்கப்பட்டுப் பெற்றோரைப் பிரிந்தனர். கரைகள் உடைந்தமையால் நீர் போகுமிடம் மாறிப் போயிற்று. உழுவாரும் இன்மையால் வயல்கள் தரிசாயின. இக்கட்டுரை எழுதுவோன் சிறுவனாயிருந்த காலத்தில், வீட்டில் பிள்ளைகள் கூடிக் கூச்சலிட்டால், இது என்ன ஐதர் கலாபமா என்று பாட்டியார் அதட்டுவதுண்டு. இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் அச்சொல் தஞ்சை நாட்டுத் தாய்மார் நாவில் இருந்ததாயின், அக்கலாபம் எத்தகையதாய் இருந்திருக்கும் என்பதை மாணவர்களே உய்த்துணர்க.

கோட்டையை மட்டும் பகைவரால் கொள்ள முடியவில்லை. ஆயினும் உள்ளே உணவில்லை. நெல்லைக் கொண்டுவந்து தருமாறு அரசு கேட்டது. விலை கிடைக்குமென்று நம்பாத குடிமக்கள் கொடுக்கவில்லை. அப்பொழுது அவர்கள் நம்பிய மனிதர் ஒருவரே ஆவார். அவர் சுவார்ட்சு என்னும் பாதிரியார். செருமானிய நாட்டிற் பிறந்து, 1750ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கி, தமிழ் பயின்று, பின்னர்த் தஞ்சையில் தங்கியவர். பணத்துக்குத் தாமே பொறுப்பு என அவர் வாக்களித்தார். ஓரிரு நாள்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட எருதுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. பேசியபடியே அவர் பணமும் கொடுத்தார்.

இக்கலாபம் நிகழ்ந்தபோது, போன்சலே மரபின் கிளைக் குடும்பம் ஒன்றிலே நான்கு வயதுக் குழந்தை ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. 1777ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 24ஆம் நாள் பிறந்த அக்குழந்தையே பின்னாளில் இரண்டாம் சரபோஜி எனப் புகழ்பெற்றவர்.

துளஜா மன்னர் தம் மக்களையெல்லாம் தம் கண்முன்னரே இழந்தவர். போர் நாட்டைக் கெடுத்தது. நோய் வீட்டைக் கெடுத்தது. உடல்நலம் குன்றி இறுதி நாள் நெருங்குவதை உணர்ந்த அவர், 1787ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சரபோஜியைத் தத்து மகனாக ஏற்றார். பின்பு சுவார்ட்சுப் பாதிரியாரை அழைத்து, சிறுவனின் கையை அவர் கையிற் பிடித்துக் கொடுத்து, இனி இவனுக்குத் தாங்களே காவல் என வேண்டிக்கொண்டார். அந்நியராகிய தாம் ஒருவரே அரசிளங்குமரனுக்குக் காவலராதல் குழப்பம் விளைக்கும் எனக் கருதிய பாதிரியார், மன்னரின் தம்பி அமரசிங்கரிடம் பொறுப்பை ஒப்புவிக்குமாறு கூறினார். நல்லெண்ணத்தாற் சொன்ன அறிவுரைதான், விளைவோ வேறாயிற்று. துளஜா மறைந்தபின், தத்து செல்லாது என்று பண்டிதர் சிலர் கூறினர். கும்பினியார் அதனை ஏற்று அமரசிங்கரையே அரியணையில் அமர்த்தினர்.

அதன்பின் சரபோஜி அடைந்த துன்பம் பெரிது. காற்றும் ஒளியும் செவ்வையாகப் புகாத அறையொன்றில் அவர் அடைக்கப்பட்டிருந்தார். கற்பிக்க ஆசிரியர் இல்லை, ஏடு இல்லை, எழுத்தாணி இல்லை. பின்னாளில் எத்தனையோ ஆயிரம் ஏடுகளைத் தேடித் திரட்டிய ஒருவர், படிக்க வேண்டிய வயதில் படிப்பு மறுக்கப்பட்டு இருளில் அமர்ந்திருந்தார் என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சம் நெகிழ்கின்றது. செய்தியறிந்த சுவார்ட்சுப் பாதிரியார் சும்மா இருக்கவில்லை. சென்னை ஆளுநருக்கு மீண்டும் மீண்டும் எழுதினார். நேரிற் சென்று சிறுவனைக் கண்டார். கல்விக்கு ஏற்பாடு செய்தார். அரண்மனையில் சிறுவனின் உயிருக்கே ஊறு நேருமோ என்ற அச்சம் எழவே, 1793ஆம் ஆண்டு துளஜாவின் தேவியரும் சரபோஜியும் சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே கெரிக்கே என்னும் பாதிரியாரிடம் ஆங்கிலமும் அதன் வழியே மேனாட்டு அறிவியலும் அவர் பயின்றார். தத்தின் செம்மை மீண்டும் ஆராயப்பட்டது. காசி முதலிய இடங்களின் பண்டிதர்கள் அது முறையானதே எனக் கருத்துரைத்தனர். 1798ஆம் ஆண்டு சூன் 29ஆம் நாள் சரபோஜி தஞ்சை அரியணை ஏறினார். அக்காட்சியைக் காணச் சுவார்ட்சுப் பாதிரியார் உயிரோடு இல்லை. அவ்வாண்டு பிப்ரவரித் திங்களிலேயே அவர் மறைந்துவிட்டார்.

முடிசூடிய மகிழ்ச்சி பதினாறு திங்களே நிலைத்தது. 1799ஆம் ஆண்டு மே மாதம் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மடிந்தார். தென்னாட்டில் கும்பினியாரை எதிர்த்து நிற்கப் பேரரசு எதுவும் எஞ்சவில்லை. அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அதற்கு ஒன்பது நாள் கழித்து, அக்டோபர் 25ஆம் நாள், சரபோஜி ஓர் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டார். தஞ்சை நாட்டின் ஆட்சியும் வரியும் நீதியும் கும்பினியார் கைக்குச் சென்றன. மன்னர்க்கு எஞ்சியவை தஞ்சைக் கோட்டையும், ஆண்டுக்கு ஓரிலட்சம் வராகனும், நாட்டின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே. அப்பொழுது அவருக்கு வயது இருபத்திரண்டு.

கட்டபொம்மனைப் போல் அவர் ஏன் போரிடவில்லை என்று மாணவர்கள் வினவலாம். வினவவும் வேண்டும். அவரிடம் படை இல்லை. நாட்டிலிருந்த படை கும்பினியாருடையது. அரியணையும் அவர்கள் தந்ததே. மேலும், அவர் பிறந்தது முதல் கண்டது போர் ஒன்றே. அப்போர்கள் அனைத்திலும் அழிந்தது காவிரிக்கரைக் குடியானவனின் வீடு. இவை காரணங்கள். ஆனால் காரணம் வேறு, பெருமை வேறு. கையொப்பமிட்டதைப் பெருமையான செயலென்று யாம் எழுதத் துணியோம். அதன்பின் எஞ்சிய முப்பத்திரண்டு ஆண்டுகளை அவர் எவ்வாறு பயன்படுத்தினார் என்பதே இங்குக் கூற வந்தது.

நாடு போயிற்று, படை போயிற்று என்ற நிலையில் மனிதர் கை சும்மா இருப்பதில்லை. நம் காலத்திலேயே இதனைக் காண்கின்றோம். கிழக்கு ஐரோப்பாவிலுள்ள உக்ரைன் நாட்டிலே 2014ஆம் ஆண்டு போர் மூண்டபோது, ஓவியர் இருவர், போர்முனையிலிருந்து வந்த வெடிமருந்துப் பெட்டிகளின் பலகைகளைக் கொண்டு அவற்றின்மேல் புனிதர்களின் திருவுருவங்களை எழுதலாயினர். அவற்றை விற்ற பொருள் காயமுற்றோரின் மருத்துவத்திற்குச் சென்றது. சாவைச் சுமந்து வந்த பலகை அவ்வாறு வேறொன்றாயிற்று. தஞ்சையில் சரபோஜிக்குக் கிடைத்த பலகையோ கருங்கல். அதனைக் காணப் பெரிய கோயிலுக்குச் செல்வோம்.

முதலாம் இராசராசன் எடுப்பித்த அக்கோயிலின் சுவர்களில் அவன் கல்வெட்டுகள் நிறைந்துள்ளன. வென்ற நாடுகளும், வழங்கிய பொன்னும், விளக்குக்கு விட்ட ஆடுகளின் எண்ணிக்கையும் அவற்றில் உண்டு. அது வென்றவன் எழுத்து. அக்கோயிலுக்குத் திருப்பணி செய்து குடமுழுக்கும் நிகழ்த்திய சரபோஜி, 1803ஆம் ஆண்டு, திருச்சுற்று மாளிகையின் தென்மேற்குப் பகுதிச் சுவர்களில், தம் குலத்தின் வரலாற்றை மராத்தி மொழியில் பொறிக்கச் செய்தார். போன்சலே வம்ச சரித்திரம் என்பது அதன் பெயர். குலத்தின் தொன்மைக் கதையில் தொடங்கி, சிவாஜி, ஏகோஜி முதலியோர் வழியாகச் சரபோஜி வரையில் அது வருகின்றது. ஒரே பொருளைப்பற்றி இத்துணை நீளமாக வெட்டப்பட்ட கல்வெட்டு இந்திய நாட்டில் அரிது.

ஆண்டைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தம் நிறைவேறி நான்காண்டுகள் ஆகின்றன. கப்பம் பெற நாடில்லை, முரசறையப் படையில்லை. தமக்குப்பின் இம்மரபு எஞ்சுமோ எஞ்சாதோ என்னும் ஐயம் அவர் உள்ளத்தில் எழுந்திருத்தல் இயல்பே. எழுதியதைத் தாளில் எழுதியிருக்கலாம், தாள் எரியும். ஓலையில் எழுதியிருக்கலாம், ஓலையைச் செல் அரிக்கும். ஆகவே கல்லிலே எழுதினார். அதுவும் எட்டு நூற்றாண்டுக் காலம் எந்தப் படையும் இடித்துத் தள்ளாத கோயிற் சுவரிலே எழுதினார். இளமையில் இக்கட்டுரை எழுதுவோன் அச்சுவரின் முன் நின்று, மராத்தி அறியாமையால் ஒரு சொல்லும் விளங்காது, எழுத்துகளின் குழிவை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்ததுண்டு. வரிகள் நேராக இருந்தன. வெட்டிய சிற்பி அவசரப்படவில்லை என்பது மட்டும் விளங்கிற்று.

சுவார்ட்சுப் பாதிரியாரின் மறைவுக்குச் சரபோஜி இருவகையில் கடன் கழித்தார். கல்லறைக் கல்லில் வெட்டுதற்கு ஆங்கிலத்தில் தாமே செய்யுள் இயற்றினார். அக்கல் தஞ்சைத் தூய பேதுரு ஆலயத்தில் உள்ளது. அது போதாதென்று, இங்கிலாந்தில் அந்நாளிற் சிறந்து விளங்கிய சிற்பி பிளாக்சுமனைக் கொண்டு பளிங்கில் ஒரு நினைவுச் சிற்பம் செய்வித்தார். சிவகங்கைக் குளத்தை அடுத்துச் சுவார்ட்சு கட்டிய ஆலயத்தில் அது வைக்கப்பட்டது. கட்டிலில் முதியவர் கிடக்கின்றார். அருகே மன்னர் நின்று அவர் கையைப் பற்றியிருக்கின்றார். பக்கத்தில் பள்ளிச் சிறுவர் நிற்கின்றனர். அன்று துளஜா பிடித்துக் கொடுத்த சிறுவன் கை, இங்கே முதியவரின் கையைப் பிடித்திருக்கின்றது. சரபோஜி தம் சமயத்தை விட்டவரல்லர். பெரிய கோயிலுக்குத் திருப்பணி செய்தவர். எனினும் தம்மை இருளறையிலிருந்து மீட்டவரை மறக்க அவர் சமயம் அவருக்குக் கற்பிக்கவில்லை.

மற்றோர் இழப்பு அவர் இல்லத்திலேயே நேர்ந்தது. மன்னரின் பேரன்புக்குரியவராயிருந்த முக்தாம்பாள் என்னும் அம்மையார் இளமையிலேயே காலமானார். தம் பெயரால் ஓர் அறச்சாலை அமைக்க வேண்டும் என்பது இறக்கும் தறுவாயில் அவர் கேட்டுக்கொண்டது என்பர். தஞ்சையிலிருந்து பட்டுக்கோட்டை செல்லும் வழியிலே ஒரத்தநாட்டில் 1802ஆம் ஆண்டு அச்சத்திரம் எழுந்தது. ஊருக்கே முக்தாம்பாள்புரம் என்று பெயராயிற்று. கட்டடத்தைத் தேர்போல் அமைத்து, குதிரையும் யானையும் அதனை இழுப்பனபோல் அடித்தளத்திலே செதுக்கினர். இராமேசுவரம் செல்லும் வழிப்போக்கர் அங்கே உண்டு இளைப்பாறினர்.

சத்திரங்களைப்பற்றி ஒன்று கூறியாக வேண்டும். நாட்டைக் கும்பினியார் எடுத்துக்கொண்டபோது, அரச குடும்பத்தினர் நிறுவிய சத்திரங்கள் யார் கையில் இருத்தல் வேண்டும் என்னும் வினா எழுந்தது. இளையராகிய மன்னர் வேறெதற்கும் வழக்காடாதவர், இதற்கு வழக்காடினார். 1801ஆம் ஆண்டு ஆங்கில அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், சாதி பாராது வருவோர்க்கெல்லாம் அங்கே உணவளிக்கப்படுவதையும், நோயுற்ற வழிப்போக்கர்க்கு மருத்துவம் செய்யப்படுவதையும், கருவுற்ற பெண்டிர் பேணப்படுவதையும், பெற்றோரை இழந்த குழந்தைகள் வளர்க்கப்படுவதையும் விரித்துரைத்து, இவை தம் பொறுப்பிலேயே இருக்குமாறு வேண்டினார். வேண்டியபடியே சத்திரங்கள் அவர் கையில் விடப்பட்டன. கலாபக் காலத்தில் அநாதையான குழந்தைகள் நிறைந்த நாட்டிலே வளர்ந்தவர் அவர். எதற்கு வழக்காடுவது என்பதை அறிந்தே இருந்தார்.

இனி அரண்மனைக்குள் நடந்ததைக் காண்போம். நாயக்க மன்னர் காலத்திலேயே தஞ்சை அரண்மனையில் ஏட்டுச்சாலை ஒன்று இருந்தது. சரபோஜி அதனைச் சரசுவதி மகால் என்னும் பெருநூலகமாக வளர்த்தார். வடமொழி, தமிழ், தெலுங்கு, மராத்தி ஏடுகளை விலைக்கு வாங்கினார். விலைக்குக் கிடையாதவற்றைப் படி எடுக்கச் செய்தார். ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன் முதலிய ஐரோப்பிய மொழிகளில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட அச்சு நூல்களைத் தருவித்தார். அவற்றுட் பலவற்றில் அவர் கையொப்பம் இன்றும் காணப்படுகின்றது. ஓர் அச்சகமும் நிறுவினார். ஈசாப்புக் கதைகள் மராத்தியில் பெயர்க்கப்பட்டு 1806ஆம் ஆண்டு அதில் அச்சாயின. படிக்க ஏடின்றி இருந்த பிள்ளை, பிற பிள்ளைகளுக்கு ஏடு அச்சிட்டது என்று கொள்ளலாம்.

தேவேந்திரக் குறவஞ்சி என்பது அவர் மராத்தியில் இயற்றிய நாடகம். குறவஞ்சி நாடகங்களில் குறத்தி தன் மலைவளம் கூறுதல் மரபு என்பதை மாணவர் அறிவர். இந்நாடகத்துக் குறத்தியோ உலகின் நாடுகளையும் கடல்களையும் மலைகளையும் எடுத்துரைக்கின்றாள். கோட்டைச் சுவர் அளவாகச் சுருங்கிய நாட்டையுடைய மன்னர், குறத்தியின் வாயிலாக நிலவுலகம் முழுவதையும் சுற்றி வந்தார். இது எமக்கு மிகவும் பிடித்த செய்தி. தமிழும் அவர் அவையில் வாடவில்லை. கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் மன்னரைப் பாட்டுடைத் தலைவராக்கிச் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடினார்.

ஓவியரும் அவர் காலத்தில் நல்வாழ்வு பெற்றனர். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பூச்சிட்டு, புடைப்பாக வரைந்து, பொன்தகடும் ஒளிக்கற்களும் பதித்து எழுதும் தஞ்சாவூர் ஓவியம் அந்நாளில் செழித்தது. அதே ஓவியர் கைகளைக் கொண்டு பறவைகளையும் விலங்குகளையும் செடிகொடிகளையும் உள்ளது உள்ளவாறே எழுதுவித்தார். இசையிலும் இவ்வாறே. அரண்மனையில் வீணையோடு மேனாட்டு இசைக்கருவிகளும் ஒலித்தன. பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தார் நால்வர் அவர் அவையிலும் அவர் மகன் அவையிலும் விளங்கினர். இன்று பரதநாட்டிய மேடையில் ஆடப்படும் உருப்படிகளின் வரிசை அவர்கள் வகுத்ததே. வேந்தர் அவையை நாடாமல் திருவையாற்றில் இருந்தே பாடிய தியாகராசரும் அக்காலத்தவரே. படைகள் புகுந்து எரித்த அதே காவிரிக்கரையிலே ஒரு தலைமுறைக்குள் இத்தனையும் தோன்றின.

மன்னர் செய்த அனைத்தும் நம் உள்ளத்திற்கு உவப்பானவை என்று சொல்லுதற்கில்லை. மல்லிப்பட்டினத்தை அடுத்த சரபேந்திரராசன்பட்டினத்தில், கடற்கரை ஓரமாக, எட்டு அடுக்குகளுடன் ஏறத்தாழ 75 அடி உயரத்தில் ஒரு கோபுரம் நிற்கின்றது. மனோரா என்பது அதன் பெயர். ஆங்கிலேயரின் வெற்றிகளையும் பிரெஞ்சுப் பேரரசன் நெப்போலியனின் வீழ்ச்சியையும் கொண்டாடும் நினைவுச் சின்னமாக அதனை 1814ஆம் ஆண்டு சரபோஜி எழுப்பினார். தமிழ், மராத்தி, ஆங்கிலம் முதலிய மொழிகளில் அச்செய்தி அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. நெப்போலியனுக்கும் பட்டுக்கோட்டைப் பக்கத்து மீனவனுக்கும் என்ன பகை? தம் நாட்டை எடுத்துக்கொண்டவரின் வெற்றியைத் தம் செலவிலேயே ஒருவர் கொண்டாடுவதைப் பார்க்கும்போது உள்ளம் கூசுகின்றது. நண்பர் எனக் காட்டிக்கொண்டாலன்றிக் கோட்டையும் நூலகமும் சத்திரமும் கூட நிலைக்கா என அவர் எண்ணியிருத்தல் கூடும். உண்மையாகவே மகிழ்ந்தும் இருக்கலாம். அவரை வளர்த்தோரும் கற்பித்தோரும் ஐரோப்பியரே அன்றோ? எதுவாயினும், தென்னாட்டு அரசர் ஒருவர் ஐரோப்பியப் போருக்குச் சோழ நாட்டுக் கடற்கரையில் கோபுரம் எடுத்தார் என்பது வரலாறு. அதை மறைத்து இவர் வாழ்வை எழுதுதல் முறையன்று. பெரிய கோயிற் சுவரில் தம் முன்னோரின் வீரத்தை எழுதிய கையும், மனோராவில் பிறரின் வெற்றியை எழுதிய கையும் ஒன்றே.

1820ஆம் ஆண்டு மன்னர் பெரும் பரிவாரத்துடன் காசி யாத்திரை புறப்பட்டார். வழியெங்கும் கோயில்களை வழிபட்டு, 1822ஆம் ஆண்டு திரும்பினார். மன்னர் யாத்திரை என்றால் பொன்னும் பட்டும் கொண்டுவருவர் என எண்ணுவோம். அவர் கொண்டுவந்தவை ஏடுகள். காசியிலுள்ள கங்கைப் படித்துறைகளை ஒவ்வொன்றாக வண்ணத்தில் எழுதச் செய்த ஓவியத் தொகுதியும் சரசுவதி மகாலில் உண்டு.

அரண்மனையில் தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ ஆராய்ச்சிச் சாலையை நிறுவியிருந்தார். நம் நாட்டு மருத்துவரும் மேனாட்டு முறை அறிந்தோரும் அங்கே ஒருங்கே பணிபுரிந்தனர். தேர்ந்த மருந்து முறைகள் தமிழ்ச் செய்யுளாக இயற்றப்பட்டுச் சரபேந்திர வைத்திய முறைகள் என வழங்கின. கண் மருத்துவத்தில் மன்னர்க்குத் தனி ஈடுபாடு. நோயாளியின் வரலாற்றையும் அளித்த மருத்துவத்தையும் குறித்து, அக்கண்ணைப் படமாகவும் எழுதி வைக்கும் வழக்கத்தை அவர் ஏற்படுத்தினார். கருவிழியில் பூத்த வெண்மையும் இமையின் சிவப்பும் அப்படங்களில் அப்படியே தோன்றுகின்றன. அவை அழகிய ஓவியங்களல்ல. ஆயினும் அவற்றை எழுதியவர் அவையோவியரைப் போலவே தேர்ந்த கையுடையவர்.

1826ஆம் ஆண்டு தஞ்சைக்கு வந்த ஆங்கிலப் பேராயர் ஈபர், இம்மன்னரைக் கண்டு வியந்து எழுதியுள்ளார். ஐரோப்பிய வேதியியலாரின் பெயர்களையும் ஆங்கிலப் புலவரின் நாடகங்களையும் தயக்கமின்றி எடுத்துப் பேசினாராம் மன்னர். ஈபர் அங்கிருந்து திருச்சிராப்பள்ளி சென்று அவ்வாண்டு ஏப்ரலிலேயே இறந்தார்.

சரபோஜி மன்னர் 1832ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 7ஆம் நாள் காலமானார். அவர் மகன் சிவாஜி கோட்டைக்குள் இருபத்து மூன்று ஆண்டுகள் மன்னராக இருந்தார். 1855ஆம் ஆண்டு அவர் ஆண் வாரிசின்றி இறக்கவே, கோட்டையும் தங்களுடையதே என்றனர் கும்பினியார். அரண்மனைக் கதவுகளுக்கு முத்திரை வைக்கப்பட்டது, உடைமைகள் கைப்பற்றப்பட்டன. தேவியர் நீதிமன்றம் சென்றனர். வழக்கு இலண்டன் வரை போயிற்று. அரசுரிமை மீளவில்லை.

கும்பினி அரசும் சில ஆண்டுகளில் மறைந்தது. நூலகத்தின் வடமொழி ஏடுகளுக்குப் பர்னல் என்னும் ஆங்கிலேயர் அட்டவணை எழுதி 1880ஆம் ஆண்டு வெளியிட்டார். 1918ஆம் ஆண்டு சரசுவதி மகால் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. தஞ்சைக்குச் செல்லும் மாணவர், பெரிய கோயிலைக் கண்டபின் கீழராச வீதி வழியே அரண்மனைக்குள் நுழையலாம். கலைக்கூடத்தில், வெண்பளிங்கில் வடித்த சரபோஜியின் உருவம் கை கூப்பியபடி நிற்கின்றது. இடையில் வாள் இருக்கிறதா என்று நின்று பார்த்துவிட்டு, அப்பால் நூலகத்திற்குள் செல்க.